தரங்கம்பாடிக்கு ஒரு திட்டம்

மூன்று நாள் விடுமுறைக்கு நான் போட்ட திட்டத்தில் 14 இனங்கள் இருந்தன. பாங்கில் வீணாகிப்போன ஒரு செலானின் பின்புறத்தில் நேரம், இடம், தூரம், குறிப்பு என்று நான்கு பத்திகளாகக் கோடு கிழித்து எழுதியிருந்தேன். கோட்டை, 1620. சீயோன் தேவாலயம், 1701. புதிய எருசலேம் தேவாலயம், 1718. ஊர் நுழைவாயில், 1792. மாசிலாமணிநாதர் கோயில், 1306. பூம்புகார், அரை நாள். கடற்கரை என்பது இரண்டாம் நாள் மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை இருந்தது. என் மனைவி அதை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள்.

"இது லீவா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்றாள்.

குழந்தைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்பது இரண்டு வருஷத்துப் பேச்சு. மூத்தவளுக்கு வயது ஒன்பது, சின்னவனுக்கு ஐந்து. ஜனவரியில் நான்காவது சனிக்கிழமையும் ஞாயிறும் சேர்ந்து, திங்களன்று குடியரசு தினமும் வந்தது. பாங்குக்காரனுக்குக் காலண்டரில் இப்படி ஓர் அமைப்பு தென்படும்போது ஏற்படும் பரவசம் பிறருக்குப் புரியாது. கடல் வேண்டும் என்றார்கள் குழந்தைகள். கடலோடு வேறு ஏதாவதும் வேண்டும் என்று நான் நினைத்தேன். வெறும் கடல் போதாது என்று எனக்கு ஏன் தோன்றிற்று என்பதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

மகாபலிபுரத்தை முதலில் யோசித்துப் பிறகு விட்டுவிட்டோம். திருச்சியிலிருந்து தூரம்; நீண்ட விடுமுறை நாட்களில் அங்கே சிற்பத்துக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் இன்னொருவரின் செல்போன் இருக்கும். தரங்கம்பாடி வசதியாகப்பட்டது. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைவரை ரயில். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கோட்டை, இரண்டு தேவாலயங்கள், பழைய வீதிகள், கோயில், கடல் எல்லாம் ஒரு குழந்தை அழாமல் நடக்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. குழந்தைகளோடு போகும் பயணத்தில் ஓய்வு என்பது முக்கால்வாசி இதுதான்: போய் இறங்கியபின் மறுபடி வண்டியில் ஏற வேண்டியிராதது. ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு செருப்பு, ஒரு பொறுமை தொலைகிறது.

சரித்திரமும் அங்கே கையடக்கமாக இருக்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆரம்பமும் முடிவும் பேரேட்டில் பற்று வரவு மாதிரித் தெளிவாக இருக்கும் சரித்திரம். அவர்களுக்கு முந்தியது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. இன்று சுற்றுலா விளம்பரங்கள் தரங்கம் என்றால் அலை, எனவே இது அலைகள் பாடும் ஊர் என்று உருகுகின்றன. சடங்கன்பாடியை வைத்துக்கொண்டு அப்படி உருக முடியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. இந்தச் சந்தோஷத்தையும் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏழாவது இனத்தின் குறிப்புப் பத்தியில் எழுதியிருந்தேன்.

மனைவி கேட்ட கேள்வியில் வேடிக்கை மட்டும் இல்லை. நான் இந்தப் பக்கங்களில் எழுதும் விமர்சனக் கட்டுரைகளும் அந்தச் செலானும் ஒரே கையெழுத்தில் இருப்பவை. ஒரு கவிதையைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதில் எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், எதைக் கண்டு வியக்க வேண்டும், எதை முகம் சுளித்துத் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. நண்பர்கள் இதைத் தேர்ச்சி என்பார்கள். ஐந்து வயதுப் பையனின் பார்வையில் அது, மணலில் உட்கார்ந்திருப்பவனைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அடுத்த இடத்துக்கு இழுத்துப்போகும் அப்பாவாகத்தான் தெரியும்.

ஆனால் திட்டத்தில் எழுதாத பதினைந்தாவது இனம் ஒன்றும் இருந்தது. மற்ற பதினான்கும் அதை மறைப்பதற்காகவே எழுதப்பட்டவையோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு என் கட்டுரை ஒன்று வந்த இதழ் மேஜைமேல் கிடந்தது. மரபின் தொடர்ச்சி பற்றிய கட்டுரை. பெரியவள் அதை எடுத்துப் புரட்டினாள். என் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து, "அப்பா, நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். தலைப்பைப் படிக்க முயன்றாள். மூன்றாவது எழுத்தில் நின்றாள். கூட்டெழுத்து எதுவும் இல்லை, சாதாரணத் துணைக்கால்தான். பிறகு இதழை, எடுத்த இடத்திலேயே, எடுத்ததைவிட ஒழுங்காக வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒழுங்குதான் என்னை உறுத்திற்று. அது ஒரு விருந்தாளியின் ஒழுங்கு.

அவளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது நான்தான். இரண்டாவது மொழியாக ஹிந்தியை எடுக்கச் சொன்னதும் நான்தான். மாற்றல் வந்தால் உதவும் என்பது காரணம். தமிழைத்தான் வீட்டில் பேசுகிறோமே, படிப்பது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பேச்சு காதில் விழுகிறது. எழுத்தை யாராவது கையைப் பிடித்துச் சொல்லித் தந்தாக வேண்டும். பி.ஏ. வகுப்பில் மரபைப் பற்றி எலியட் 1919இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மரபு சொத்துபோல் தானாகக் கைக்கு வந்துவிடாது என்ற அதன் வாதத்தை எத்தனையோ தடவை என் சொந்த வாதம்போல எடுத்தாண்டிருக்கிறேன். என் வீட்டு மேஜையில் அது எதிர்மறையாக நிரூபணமாயிற்று. மரபின் தொடர்ச்சி பற்றிய என் கட்டுரை என் மகளின் கையில் முடிந்துபோயிற்று. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றுமட்டும் நினைக்கிறேன்.

ஆகவே தரங்கம்பாடி. அங்கே எனக்கு ஒரு சாட்சி இருந்தான். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே கரையிறங்கியபோது, 24 வயது நிரம்ப ஒரு நாள் பாக்கி. ஸாக்ஸனிக்காரன், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கற்றான். இரண்டே ஆண்டில், 1708இல், தான் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விவரப் பட்டியல் எழுதினான். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். கோட்டைத் தலைவனோடு மோதி அதே ஆண்டு கோட்டைக்குள்ளேயே நான்கு மாதம் சிறை. அச்சு இயந்திரம் வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடும் வேலை 1714இல் தொடங்கி 1715இல் முடிந்தது. தமிழில் அச்சு அவனோடு தொடங்கவில்லை. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. ஆனாலும் ஒரு ஊரில் அச்சுக்கூடம் நிலைத்து நின்று தொடர்ந்து வேலை செய்தது என்ற வகையில் தரங்கம்பாடிக்கு ஒரு தனி இடம் உண்டு. தென்னிந்தியக் கடவுளர்களைப் பற்றி அவன் 1713இல் எழுதிய நூலை ஜெர்மனியில் அச்சேற்ற மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கல்ல என்பது மேலிடத்தின் கட்சி. அது அச்சானது 1867இல், சென்னையில். ஆசிரியன் 1719இல், 36 வயதில் இறந்துபோயிருந்தான்.

மதம் மாற்ற வந்தவன் என்பதை மறந்துவிட்டு அவனைக் கொண்டாட முடியாது. ஆனால் ஒரு மொழிக்காகத் தரையில் குழந்தைகளோடு உட்கார்ந்தவன் என்பதையும் மறக்க முடியாது. மகளுக்கு இந்தக் கதையைச் சொல்வது, எங்கிருந்தோ வந்த ஒருவன் கற்றதை நீ கற்கக்கூடாதா என்று உள்ளூர உணரவைப்பது. இதுதான் பதினைந்தாவது இனம். அதற்காக அந்தப் பழைய புதிய ஏற்பாட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, மடிப்பு விழாமல் அட்டைக்குள் வைத்திருந்தேன். கடற்கரை விடுமுறைக்கு வாளியும் மண்வெட்டியும் எடுத்துப்போகிறவர்கள் உண்டு.

திட்டத்தை மனைவி திருத்தினாள். பிள்ளைப் பருவம் முழுக்க அவள் நாகப்பட்டினத்தில் இருந்தவள். 2004 டிஸம்பர் 26 காலையில் பள்ளிச் சிறுமி. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. எனக்குக் கடலைப் பற்றித் தெரியும், அவளுக்குக் கடலைத் தெரியும் என்பதுதான் எங்களுக்குள் வித்தியாசம். தரங்கம்பாடி மீனவர் தெருக்களிலும் அந்தக் காலையில் பலர் போனார்கள். அங்கே போக வேண்டாம் என்று அவள் சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. செலானைத் திருப்பி வாங்கி, பென்ஸிலால் சட்டங்கள் எழுதினாள்.

ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதுவும் காலை பத்து மணிக்குள். பத்திலிருந்து நாலுவரை நிழலில்: சாப்பாடு, தூக்கம், சீட்டு. நாலு மணிக்குமேல் இருட்டும்வரை கடற்கரை, தினமும். தண்ணீரில் முழங்காலுக்குமேல் கிடையாது. பெரியவர் ஒருவர் எப்போதும் குழந்தைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கரையைப் பார்த்து அல்ல, கடலைப் பார்த்து. அலை திரும்பும்போது காலடி மணலை இழுக்கும். அப்போது ஓடாமல் நிற்கப் பழக்க வேண்டும். கரைக்குக் காவலாகப் போட்டிருக்கும் பாறைகளில் ஏறக்கூடாது, இடுக்குகள் பாசி. பூம்புகார், குழந்தைகள் கேட்டால் மட்டும்.

ஜனவரிக் கடைசிதான் சரியான காலம் என்றும் அவள்தான் சொன்னாள். ஐப்பசி கார்த்திகையில் மழை, கடலும் கொந்தளிப்பு. பள்ளி விடுமுறைக்கென்று மே மாதம் போனால் வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. கிழக்குக் கரையில் மாலைப்பொழுதுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சூரியன் முதுகுப்புறம் இறங்குவதால் கண் கூசாது, குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். மேற்குக் கரையில் அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பாக்களுக்கு இந்த வசதி இல்லை. என் புத்தகங்கள் எதிலும் இது இல்லை.

பூம்புகாரை அவள் வெட்டியதற்கு நான் சண்டை போடவில்லை. 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பல வருஷங்களுக்கு முன் பார்த்திருக்கிறேன். காவியத்தைக் கல்லில் வரிசையாகச் செதுக்கிவைத்து, இதோ பார், உன் பெருமை என்கிறது அது. பார்த்துவிட்டு நகரலாம்; அதற்கப்பால் பார்க்கிறவன் செய்ய ஒன்றும் இல்லை. என் தலைமுறை விமர்சகர்கள் இந்த வகைப் பெருமையைக் கேலி செய்தே வளர்ந்தோம். ஆனால் அட்டைக்குள் மடிப்பு விழாமல் நான் வைத்திருந்த ஜெராக்ஸ், அளவில் சிறிய ஒரு கலைக்கூடம்தானே என்பது அன்று எனக்குப் படவில்லை.

சனிக்கிழமை புறப்பட்டோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் போயிற்று. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 1986இல் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகப் பஸ் போகும்போது இதைச் சொன்னேன். சின்னவன் அக்கறை காட்டவில்லை. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக ஒரு கிழத் தம்பதி ஏறினார்கள். அறுபதோ எண்பதோ முடிந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். "தாத்தாவுக்கு இப்பத்தான் கல்யாணமா?" என்று அவன் பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். "ரெண்டாவது வாட்டி, அதே பாட்டியோட" என்றார் தாத்தா. அவனுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

அன்று மாலை கடல். எனக்கு வேலை கடலைப் பார்த்து நிற்பது. மனைவியும் குழந்தைகளும் எனக்குப் பின்னால் மணலில் பள்ளம் தோண்டினார்கள், பள்ளத்தில் தண்ணீர் ஊறிற்று, ஊறின தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு வெளியே ஊற்றினார்கள், மறுபடி ஊறிற்று. ஒன்றரை மணி நேரம். மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்தில்தான் இருந்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட, மிஞ்சியதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நான் அவ்வப்போது திரும்பிப் பார்த்தேன். குறிப்புப் பத்தியில் இருந்தது எதுவும் வாயில் வரவில்லை. பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவனால் சொற்பொழிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை கோட்டை. நான்கு மாதச் சிறைவாசம் குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. எந்த அறை, ஜன்னல் உண்டா, சாப்பாடு யார் கொடுத்தது என்றெல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அச்செழுத்துக் கதைக்கும் வரவேற்பு இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க, இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறுகளில் இருக்கிறது. "சீஸ்லேர்ந்தா?" என்று பெரியவள் இரண்டு தடவை கேட்டாள். இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றிற்று. ராஜா தெருவில் நடந்து வரும்போது நிழலாக ஒரு திண்ணை கிடைத்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்டையைத் திறந்து, ஜெராக்ஸை வெளியே எடுத்தேன்.

"படி" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

அவள் முகத்தில் பள்ளிக்கூட முகம் வந்தது. ஒரு எழுத்தைத் தொட்டாள், அடுத்ததைத் தொட்டாள், நின்றாள். நான் உதவப் போனேன். விரலை வரியில் வைத்துச் சரளமாகப் படித்துக் காட்டுவதாக உத்தேசம். இரண்டு சொல் போனேன், மூன்றாவதில் சிக்கினேன்.

அச்சு ஓலைச்சுவடியின் வழக்கத்தை ஒட்டியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நாம் எதிர்பார்க்கும் இடைவெளி நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. சுவடி எழுத்தின் இயல்புகள் என்று யாராவது கேட்டால் ஒரு பக்கம் எழுதித் தருவேன். ஆனால் பற்றித் தெரிந்திருப்பது வேறு. ஜெராக்ஸை ஒரு மாதமாக வைத்திருந்தவன், அதை மடிப்பு விழாமல் காப்பாற்றியவன், ஒரு தடவைகூட உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான், அழகாக இருக்கிறது என்று எண்ணினேன்.

"உங்களுக்கும் தெரியலையாப்பா?" என்றாள்.

குரலில் கேலி இல்லை. இன்னொருவனும் அதே பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறான் என்று கண்டுகொண்டவளின் தோழமை இருந்தது. தெரியலை என்றேன். ஏன் என்றாள். புள்ளி இல்லாத கதையைச் சொன்னேன். அவளுடைய நோட்டில் ப, ல என்று இரண்டு எழுத்து எழுதி, இது பலவாகவும் இருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம் என்றேன். அவள் யோசித்தாள். "அப்ப எது கரெக்ட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" முன்னும் பின்னும் இருப்பதைப் பார்த்து ஊகிக்க வேண்டும் என்றேன். "அப்ப முன்னாடி இருக்கறதுக்கு?" அதற்கு முன்னால் இருப்பதை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தின் மேல் குனிந்து, முக்கால் மணி நேரம், ஆறு வரிகளைக் கடந்தோம். இரண்டு இடத்தில் அவள் ஊகம்தான் சரி. அவள் எழுத்தைப் பார்த்தாள். எனக்கோ, எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது என்ன சொல்லாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, அது தவறாகவும் இருந்துவிடுகிறது. அந்த ஆறு வரிகளில் என் பத்து வருஷ விமர்சனத்தைப் பற்றி எந்த எதிரியும் எழுதாத ஒரு விமர்சனம் எனக்குக் கிடைத்தது.

சீகன்பால்குவின் மணல் கதையை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்பதுதான் உண்மை. வேண்டுமென்றே விட்டேன் என்று இங்கே எழுத ஒரு ஆசை இருந்தது.

அன்று மாலை அவள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். மணலில் புள்ளி இல்லாமல் ஒரு சொல் எழுதுவது. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாத எழுத்துக்கு அம்மாவிடம் போய்க் காதில் கேட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்தபோது அவள் எழுதியிருந்தது க, ட, ல. எதிரே இருப்பதைப் பார்த்தாலே போதும், கடல் என்றேன். மனைவி அதை எழுதியபடியே வாய்விட்டு, "கடல" என்று படித்தாள். சின்னவன் பள்ளத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "எங்க? எனக்கும் கடல!" அவனுக்கு எழுத்து தெரியாது, காதில் விழுந்தது கடலை. அவனுக்குச் சமாதானம் சொல்லவே முடியவில்லை. கடைசியில் வறுத்த கடலை விற்றுக்கொண்டு போனவரைக் கூப்பிட்டு நான்கு பொட்டலம் வாங்கினோம். எழுதினது கடலா கடலையா என்று பெரியவளைக் கேட்டேன். "ரெண்டும்" என்றாள், வாய் நிறையக் கடலையோடு.

எழுதிய ல தலைகீழாக வளைந்திருந்தது. திருத்தக் கை நீண்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன்.

திங்கள் காலை சூரியோதயம் பார்த்தோம், சின்னவன் தூங்கிவிட்டான். புதிய எருசலேம் தேவாலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது என்பதை நான் சொல்ல, பார்க்கலாமா வேண்டாமா என்று குழந்தைகள் ஓட்டுப் போட்டார்கள். கடல் வென்றது. என் வயதில் இறந்துபோனவன். அவனை இன்னொரு தடவை தனியாக வந்து பார்த்துக்கொள்ளலாம். பத்தரைக்குப் பஸ் ஏறினோம். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பெரியவள் ஜன்னல் வழியாகப் படித்துக்கொண்டு வந்தாள். மூன்றில் ஒன்றுதான் பஸ் தாண்டுவதற்குள் முடிந்தது.

இதனால் அவள் தமிழ் படிக்கிறவளாகிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இந்த இதழையும் அவள் படிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் இரண்டு பேரும் உட்காருகிறோம். சில ஞாயிறுகளில் அவளுக்கு மனசில்லை, சிலவற்றில் எனக்கு. அடுத்த வருஷம் பள்ளியில் இரண்டாவது மொழியை மாற்ற முடியுமா என்று விசாரித்திருக்கிறேன். வெட்கத்தைக் கட்டுரையாக எழுதுவதைவிட அந்த விண்ணப்பத்தை எழுதுவது கடினமாக இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

செலானை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். 14 இனங்களில் நாங்கள் பார்த்தது மூன்று. அடுத்த விடுமுறைக்கு நீயே திட்டம் போடு என்று பெரியவளிடம் இன்னொரு வீணான செலானைக் கொடுத்தேன். முதல் நாள் பீச், இரண்டாம் நாள் பீச் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மூன்றாம் நாளுக்கு நேராகத் தமிழில் மூன்று எழுத்து: க, ட, ல. புள்ளி வைக்கவில்லை. எது என்று நான் கேட்கவில்லை.